எத்தனை கிலோ என்று எழுதுங்கள்: நாய், பூனை கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வயதும் இல்லை, எடையும் இல்லை. "நாய்க்குச் சுகமில்லை, மருந்து சொல்லுங்கோ" என்று மட்டும் எழுதினால் நான் சாத்திரம்தான் பார்க்க வேண்டும்.

பூனைக்குக் காய்ச்சல் போல இருக்கிறது. பாதிப் பனடோல் கொடுக்கலாமா? (பரந்தன்)

பாதியும் வேண்டாம், காலும் வேண்டாம். பனடோலில் இருக்கிற பரசிட்டமோலை உடைத்து வெளியேற்றப் பூனையின் ஈரலால் முடியாது. ஒரு குளிசையே உயிரை எடுத்துவிடும். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் வாசித்துக்கொண்டு நிற்காமல் மிருக வைத்தியரிடம் ஓடுங்கள்.

நாய் முழுக்க உண்ணி. வயலுக்கு அடிக்கிற மருந்தைக் கலந்து குளிப்பாட்டலாம் என்கிறார்கள். (ஒட்டுசுட்டான்)

சொன்னவர் தன் தலைப்பேனுக்கு அதைப் போட்டுப் பார்த்தாரா? அந்த நஞ்சு தோலாலும் போகும், நக்கும்போது வாயாலும் போகும். பிறகு நுரை தள்ளி, இழுப்பு வந்து சாகும். நாய்க்கென்றே சொட்டு மருந்தும் குளிசையும் இருக்கின்றன, இரண்டும் எடைக்கேற்பத்தான். (எத்தனை கிலோ? நீங்களும் எழுதவில்லை.) நாய் படுக்கிற சாக்கை எரித்து, சுவர் வெடிப்புகளையும் பூசிவிடுங்கள், உண்ணி அங்கேதான் முட்டையிடும். வீட்டில் பூனையும் இருந்தால், பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து அதற்கு நஞ்சு. கனடாவிலிருந்து மாமி அனுப்பியதென்றாலும் நஞ்சுதான்.

பக்கத்து வீட்டு நாய்க்குட்டியின் பல் லேசாகப் பட்டது. குட்டிக்கும் விசர் இருக்குமா?

இருக்கலாம். சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு ஒன்றும் பூச வேண்டாம். அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற மருந்து இல்லை.

எங்கள் பெட்டை நாய் மூன்றாம் தரமும் 6 குட்டி போட்டுவிட்டது. கடுவன் குட்டிகளைக் கேட்டு வாங்கிப் போய்விட்டார்கள். மிச்சப் பெட்டைக் குட்டிகளை முறிகண்டியில் விட்டால் யாராவது சாப்பாடு போடுவார்கள்தானே?

ஊர்ப் பெயரை எழுதாமல் விட்டது புத்திதான்.

முறிகண்டியில் பஸ் நிற்கும். இறங்குகிறவர்கள் தேங்காய் உடைப்பார்கள், கச்சான் வாங்குவார்கள், திரும்ப ஏறிப் போவார்கள். குட்டி ஏ9 வீதியில் நிற்கும். அடுத்த பஸ்ஸுக்கோ லொறிக்கோ அது தெரியாது. தப்பிப் பிழைத்தாலும் தடுப்பூசி காணாத நாய். மேலே கடி வாங்கியவரின் கேள்வியை இன்னொரு தரம் வாசியுங்கள்.

போன மாரியில் எங்கள் குளக்கட்டில் வாய் கட்டிய உரப்பை ஒன்று கிடந்தது. அவிழ்த்தால் 4 குட்டிகள், 2 தான் மூச்சோடு. நாலும் பெட்டை. 25 வருடமாக இதே கதை, பையின் நிறம்தான் மாறுகிறது.

பெட்டை நாய் வருடத்தில் 2 தரம் பருவத்துக்கு வரும், 63 நாள் சுமக்கும். வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு குட்டி. 6 மாதமளவில், முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்திருந்தால் இந்தக் கடிதமே வந்திராது. "ஒரு தரம் குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது" என்பது வெறும் கதை. முந்திச் செய்தால் முலைக்கட்டி வரும் ஆபத்துத்தான் குறையும். கடுவன் வைத்திருக்கிறவர்களும் சிரிக்க வேண்டாம். "நலம் எடுத்தால் (விதை நீக்கினால்) காவல் காக்காது" என்று சொல்லி அலையவிட்ட நாய்களைத்தான், இணைசேரும்போது தொற்றுகிற குறிக்கட்டியோடு கிழமைக்குக் கிழமை ஊசிக்குக் கொண்டுவருகிறீர்கள்.

இருக்கிற குட்டிகளை 8 கிழமை வரை தாயோடு விடுங்கள். தாய்க்குப் பால் வற்றியதும் கருத்தடை. பெட்டைக் குட்டிகளுக்கும் கருத்தடை செய்து தருவதாகச் சொல்லிப் பாருங்கள், ஆள் வரும்.

குட்டி பார்வோ வயிற்றோட்டத்தில் செத்துவிட்டது. அடுத்த குட்டி எப்போது கொண்டுவரலாம்? (நெடுங்கேணி)

அந்தக் கிருமி முற்றத்து மண்ணில் ஒரு வருடம் வரைகூடக் கிடக்கும். அதுவரை பொறுக்க முடியாதென்றால், ஊசிகளெல்லாம் முடித்த வளர்ந்த நாயாக எடுங்கள். சீமெந்துத் தரையை ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து கழுவுங்கள்.

ஹஸ்கி வளர்க்க ஆசை. (வவுனியா)

பனிக்குப் பிறந்த நாய். வேண்டாம்.

நாய் சாப்பிடுவதில்லை. அவசரம்!!!

எத்தனை நாளாக? வாந்தி உண்டா? வயது? எடை? கடிதத்தில் இருப்பது மூன்று ஆச்சரியக்குறிதான். அவசரமென்றால் எனக்கு எழுதிக்கொண்டிராமல் நாயைத் தூக்கிக்கொண்டு போங்கள். அங்கேயும் முதலில் எடைதான் கேட்பார்கள்.