கொத்தனாரைக் குறை சொல்வதற்கு முன்

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை எந்திரங்களும் கோவையில் பம்ப்செட்டுகளும் ஆண்டுக்காண்டு மாறுகின்றன. கட்டடத் தொழில் மட்டும் தாத்தா காலத்துக் கரணையோடும் சாந்துச் சட்டியோடும் நிற்கிறதே! கொத்தனார்கள் புதியதைக் கற்க மறுப்பதுதானே காரணம்?
– வாசகர், பெருந்துறை

பதில்: பின்தங்கியிருப்பது உண்மை; காரணம் கொத்தனார் என்பது தவறு. மெக்கின்சி என்ற மேலாண்மை ஆலோசனை நிறுவனம் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் உலக அளவில் உழைப்பின் உற்பத்தித்திறன் ஆலைத் தொழில்களில் ஆண்டுக்குச் சராசரியாக 3.6 விழுக்காடு உயர்ந்தபோது, கட்டுமானத்தில் 1 விழுக்காடுதான் உயர்ந்தது.

பனியன் கம்பெனியில் தையல் பிசகினால் சாம்பிள் துணியிலேயே தெரிந்துவிடும், மறுநாளே திருத்திக்கொள்ளலாம். வீட்டில் நேர்ந்த பிசகோ மூன்றாவது ஐப்பசி மழைக்கு மச்சு ஒழுகும்போதுதான் தெரிகிறது. அதற்குள் அதைக் கட்டியவர்கள் நான்கு ஊர் தள்ளி, வேறொரு மேஸ்திரியிடம் வேலைக்குச் சேர்ந்திருப்பார்கள். வெயிலிலும் மழையிலும் வெட்டவெளியில் செய்யும் வேலை என்பதால்தான் இந்த நிலை என்பாரும் உண்டு. போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் வெட்டவெளியில்தான் ஓடுகின்றன. ஆனால் ஒரே வண்டியும் அதே ஆட்களும் ஊர் ஊராகப் போய் ஒரே வேலையைச் செய்வதால், ஒரு குழியில் கற்றது அடுத்த குழிக்கு உதவுகிறது. சென்னை பெரும்பாக்கத்தில் முன்வார்ப்புக் கான்கிரீட்டில், அதாவது பாகங்களை முன்கூட்டியே அச்சில் வார்த்துக் கொண்டுவந்து பொருத்தும் முறையில், 1,152 வீடுகள் கட்டி 2022இல் திறக்கப்பட்டன. ஒரே அளவு வீடுகள் அத்தனை இருந்தால்தான் அச்சுக்கான செலவு கட்டுப்படியாகும். உங்கள் ஒரு வீட்டுக்கு யார் அச்சு செய்வார்கள்?

கொத்தனார் டியூபில் தண்ணீர் நிரப்பி, உள்ளே ஒரு குமிழி நின்றாலும் கணக்குத் தப்பும் என்று சுண்டிச் சுண்டி அதை வெளியேற்றி, கண்ணுக்குத் தெரியாத மறுபக்கச் சுவருக்கு மட்டம் கொண்டுபோவதை ஒருமுறை அருகில் நின்று பாருங்கள். லேசர் மட்டக்கருவி அவருக்கு விளங்காதா என்ன? புதிய கருவியால் ஒரு நாள் வேலை மிச்சமானால், அவருக்கு ஒரு நாள் கூலி போகிறது, லாபம் ஒப்பந்தக்காரருக்கு. புதிய முறை தவறிப்போனால் பழி மட்டும் அவருக்கு.

மில்லில் புது எந்திரம் இறக்கினால், சில நாள் வெள்ளோட்டம் விட்டு, வீணாகும் நூலுக்கும் கணக்கெழுதுகிற நம் முதலாளிகள்தாம், வீடு கட்டும்போது சதுர அடிக்கு யார் குறைவாகச் சொல்கிறார் என்று மட்டுமே பார்க்கிறார்கள். நீங்கள் போட்ட கட்டட ஒப்பந்தத்தில் வெள்ளோட்டத்துக்கென்று ஒரு நாள் கூலியாவது எழுதியிருக்கிறீர்களா?