ஒரு கொம்பு, ஒரு கோடு: பதிப்பாசிரியரிடம் சில கேள்விகள்

சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகத்தில் 31 வருஷம் பதிப்பாசிரியராக இருந்துவிட்டு, இப்போது சொந்த ஊரான சேலத்தில், அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில்.

ஆத்தூர் மாணவி: பதிப்பாசிரியர் என்றால் புத்தகம் போடுபவரா, அம்மா?

இல்லை கண்ணு. காசு போட்டு வெளியிடுபவர் பதிப்பாளர். அச்சுப்பிழை பார்ப்பவர் மெய்ப்புத் திருத்துபவர். ஒரு நூலுக்கு ஐந்து ஏட்டுப் பிரதி கிடைத்தால் ஐந்தும் ஐந்து விதமாகச் சொல்லும். எதை மூலத்தில் வைப்பது, எதை அடிக்குறிப்பில் பாடபேதமாக, அதாவது பிரதிக்குப் பிரதி மாறும் வாசகமாகக் கொடுப்பது என்று முடிவு செய்து, அதற்குப் பொறுப்பேற்பவர்தான் பதிப்பாசிரியர். என் முடிவு பிடிக்காதவர் அடிக்குறிப்பைப் பார்த்துவிட்டுத் தானே வேறு முடிவுக்கு வர வழி விட்டிருக்க வேண்டும். அந்த வழியை அடைத்த பதிப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு ஆகாது.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்: ஏட்டில் உள்ளதை அப்படியே அச்சடித்தால் போதாதா?

அந்த ‘அப்படியே’யில்தான் வம்பு. பழைய ஏட்டில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. ரகரமும் துணைக்காலும் ஒரே கோடு. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, செய்யுளை அடி பிரித்தும் எழுத மாட்டார்கள்.

கொம்பு, ப, ஒரு கோடு, து. இதை ‘பொது’ என்று படிக்கலாம், ‘போது’ என்றும் படிக்கலாம், ‘பேரது’ என்றாலும் தப்பில்லை. செய்யுளாக இருந்தால் யாப்பு கைகொடுக்கும்: பொது நிரையசை, போது தேமா, பேரது கூவிளம். தளை தட்டாமல் நிற்பதை எடுத்துக்கொள்வோம். அப்புறம் பொருள், உரை, மற்றப் பிரதிகள். உரைநடை ஏடு என்றால் யாப்பின் துணையும் இல்லை. ஒரு வரியில் அரை நாள் போய்விடும். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொம்பைச் சுழித்து நெடிலைக் காட்ட வழி செய்தார். அதற்குப் பிறகும் பழைய வழக்கத்திலேயே எழுதிய ஏடுகள் எத்தனையோ என் கையில் வந்திருக்கின்றன.

கோட்டைப் பகுதி வாசகர்: நம்ம சேலத்துக்கும் இந்தத் துறைக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

இல்லாமலா! 1880 அக்டோபர் 21ஆம் தேதி, கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்க உ.வே.சாமிநாதையர் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கினார். முதலியார் அசையவில்லை. இதனாலெல்லாம் என்ன பிரயோசனம், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டுவிட்டார். பிறகு தம்மிடம் இருந்த பிரதியையும் கொடுத்தார். 1887இல் சிந்தாமணிப் பதிப்பு வந்தது. பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் அதற்குப் பின்னால். நம் ஊரில் இந்தக் கதை தெரியாதவர்கள் நிறையப் பேர் என்பது எனக்கு ஒரு குறைதான்.

ஓமலூர் வாசகர்: என்ன படிக்க வேண்டும், சம்பளம் எப்படி?

தமிழ் எம்.ஏ., கூடவே சுவடியியல் பயிற்சி. தரமணி உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தில் பட்டயப் படிப்பு உண்டு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடித் துறையே இருக்கிறது. சம்பளத்தை நினைத்து வராதீர்கள்.

சூரமங்கலம் வாசகர்: நீங்கள் தப்பு செய்ததுண்டா?

ஒன்று இன்னும் உறுத்துகிறது. ஒரு பள்ளு நூல். அதில் நெல்லைப் பற்றி வரும் இடத்தில் ‘ஆயிரம் வள்ளம்’ என்று இருந்தது. எழுதினவர் கொம்பை விட்டுவிட்டார் என்று நினைத்து ‘வெள்ளம்’ ஆக்கிவிட்டேன். வெள்ளம் என்பது பெரிய எண்ணும் ஆயிற்றே, பொருத்தமாகவே பட்டது. பாடபேதமாகக் காட்டக்கூட இல்லை. புத்தகம் வந்த பிறகு ஒரு விவசாயி தபால் அட்டை போட்டார்: “வள்ளம் எங்கள் ஊரில் தானியம் அளக்கும் படி, அம்மா.” சேலத்துக்காரி நான்! எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மா வள்ளத்தில் கேழ்வரகு அளந்ததைப் பார்த்து வளர்ந்தவள். பத்து வருஷம் சென்னையில் இருந்ததில் காது மாறிவிட்டது. அடுத்த அச்சில் திருத்தினோம். முதல் அச்சு வாங்கினவர்களிடம் இன்றைக்கும் வெள்ளம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஏற்காடு வாசகர்: எங்கள் காப்பித் தோட்டத்து வீட்டுப் பரணில் தாத்தா காலத்துச் சுவடிக்கட்டு இருக்கிறது. பூஞ்சை பிடித்திருக்கிறது. வெயிலில் காய வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். ஓலை முறுக்கிக்கொண்டு வெடிக்கும். தேங்காய் எண்ணெயும் செல்லோ டேப்பும் அதைவிட மோசம். முகமூடி போட்டுக்கொண்டு, மூடுபனி இல்லாத நாளில், காற்றோட்டமான நிழலில் வைத்து மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் தட்டுங்கள். ஒட்டிக்கொண்ட ஏடுகளைப் பிரிக்க முயலாதீர்கள். எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசுவது தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. பழைய வேட்டித் துணியில் சுற்றி, கூட ஒரு துண்டு வசம்பு வைத்து, பரணை விட்டு இறக்கிக் காய்ந்த அலமாரியில் வையுங்கள்.

முதல் ஏட்டையும் கடைசி ஏட்டையும் படம் எடுத்து அனுப்புங்கள். எழுதி முடித்தவர் பெயரும் வருஷமும் கடைசியில் இருந்தாலும் இருக்கும். வருஷம் என்றால் பிரபவ, விபவ என்று பெயர் மட்டும்தான், அது 60 வருஷத்துக்கு ஒரு தரம் திரும்பி வரும். ஆகவே தாத்தாவுக்கு முந்தின இரண்டு தலைமுறைப் பெயர்களையும் ஒரு சீட்டில் எழுதி அனுப்பினால் எனக்கு வேலை சுலபம்.