ஒளிரும் பொடி வாளியிலேயே இறுகிப்போகிறது, பாலிமர் உறை போட்டது வாங்கினால் தீருமா?

கேட்டவர் சொன்னது இது: இருட்டில் ஒளிரும் பொடியை வாட்டர் பேஸ் பேஸ்ட்டில் கலந்து வைத்தால் நாலைந்து நாளில் கெட்டியாகிவிடுகிறது, ஒளியும் மங்குகிறது. பாலிமர் உறை போட்ட பொடிக்கு விலை கூடச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் பாக்கெட்டில் எழுதியிருப்பதை மட்டும் நம்பிக் கொடுக்காதீர்கள். முதலில் ஒரு கட்டு பிஎச் தாள் வாங்குங்கள், கரைசலில் காரம் எவ்வளவு என்று நிறம் மாறிக் காட்டும் தாள் அது (7 என்றால் நடுநிலை, ஏற ஏறக் காரம்). ஏன் என்று சொல்கிறேன்.

மதுரை செல்லூரில் எனக்கு ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை இருக்கிறது. படித்தது எம்.எஸ்சி. வேதியியல். ஒரு மார்கழியில், தைப்பூசத்துக்குப் பழனி நடக்கும் எங்கள் பகுதிக் குழு ஒன்று 140 டி-ஷர்ட் கேட்டது. முதுகில் வேல் படம், இருட்டில் ஒளிர வேண்டும். ராத்திரி நடக்கும்போது பின்தங்கும் பெரியவர்களைக் கண்ணில் வைத்துக்கொள்வதற்காக. (லாரி டிரைவர் கண்ணில் படுவதற்கு இது போதாது. ஹெட்லைட்டைத் திருப்பி அடிக்கும் ரிஃப்ளெக்டிவ் டேப்தான் வேண்டும் என்று சொல்லி, அதையும் தைக்க வைத்தேன். நீங்களும் இந்த மாதிரி ஆர்டர் எடுத்தால் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.)

திங்கட்கிழமை பேஸ்ட் கலந்து மூடி வைத்தேன். துணி வரத் தாமதமானது. வெள்ளிக்கிழமை மூடியைத் திறந்தால் அம்மோனியா நெடி குப்பென்று ஏறியது. மேலே பால் திரிந்த மாதிரி கட்டி கட்டியாக இருந்தது. அடியில் கரண்டி இறங்கவில்லை. பக்கத்து வீட்டு மாமா கொத்தனார் வேலை பார்த்தவர். வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, சிமெண்டு செட்டான மாதிரில்ல இருக்கு” என்றார்.

அவர் சொன்னது அப்படியே உண்மை. இன்று விற்கும் பச்சை நிற ஒளிர்பொடி பெரும்பாலும் ஸ்ட்ரான்சியம் அலுமினேட். அதில் ஒளியைத் தரும் யூரோப்பியமும், அந்த ஒளி நீடிக்க உதவும் டிஸ்ப்ரோசியமும் மிகச் சிறிய அளவில் சேர்ந்திருக்கும். ஜப்பானின் நெமோட்டோ நிறுவனத்தார் 1990களில் உருவாக்கி, 1996ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்ட பொருள் அது. சிமெண்டில் இருக்கும் பொருட்களில் ஒன்று கால்சியம் அலுமினேட். கால்சியமும் ஸ்ட்ரான்சியமும் தனிம அட்டவணையில் மேலும் கீழுமாக இருக்கும் பங்காளிகள். ஒன்று தண்ணீர் பட்டால் என்ன செய்யுமோ அதையேதான் மற்றதும் செய்யும். படிகம் உடைந்து ஹைட்ராக்சைடாக மாறும். படிகம் போனால் யூரோப்பியத்துக்கு இருந்த வீடு போயிற்று, ஒளியும் போயிற்று.

கூடவே இரண்டு விஷயம் நடக்கிறது. கரைசலில் காரம் ஏறுகிறது, உறை இல்லாத பொடியில் பிஎச் 12 வரைக்கும் போகும். பேஸ்ட்டைக் கெட்டிப்படுத்தச் சேர்க்கும் திக்னரில் இருக்கும் அம்மோனியா அந்தக் காரத்தில்தான் வெளியேறுகிறது. அடுத்தது, கரைந்து வரும் ஸ்ட்ரான்சியம் அயனி இரட்டை நேர்மின்சுமை கொண்டது. பொடியைத் துணியில் ஒட்டவைக்கும் அக்ரிலிக் பைண்டரின் துகள்கள் எதிர்மின்சுமையால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டுதான் தண்ணீரில் மிதக்கின்றன. அந்தச் சுமையை ஸ்ட்ரான்சியம் தணித்துவிட்டால் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். பால் திரிந்த மாதிரி இருந்தது அதனால்தான். பைண்டர் விற்றவர் மேல் ஒரு வாரம் கோபமாக இருந்தேன். அவர் மேல் தப்பே இல்லை.

“முன்னாடியெல்லாம் இப்படி ஆகாதே” என்று பழைய பிரிண்டர்கள் சொல்வார்கள். அதுவும் சரி. அவர்கள் கலந்தது ஜிங்க் சல்பைடு. ஒளி சீக்கிரம் மங்கிவிடும், ஆனால் வாளியில் இறுகாது. ஈரமும் புற ஊதா ஒளியும் சேர்ந்து பட்டால் வெயிலில் கறுத்துப்போவதுதான் அதன் குறை. (வாடிக்கையாளர்கள் இதை இன்னமும் ‘ரேடியம் பிரிண்ட்’ என்கிறார்கள். இரண்டிலும் ரேடியம் கிடையாது, கதிரியக்கமும் கிடையாது. குழந்தைகள் சட்டைக்குக் கேட்பவர்களுக்கு நான் இதைத் தவறாமல் சொல்லிவிடுவேன்.)

இனி உறைக்கு வருவோம். கடையில் கார்பன் தாள் வைக்காமலே அடுத்த தாளில் எழுத்து விழும் பில் புக் பார்த்திருப்பீர்கள். நுண்ணுறை என்னும் உத்தி முதலில் பெரிதாகச் சந்தைக்கு வந்தது அதில்தான், 1950களில். தாளின் அடியில் சாய எண்ணெய்த் துளிகள், ஒவ்வொன்றின் மேலும் ஜெலட்டினும் கருவேல இனத்துப் பிசினும் சேர்ந்த தோல். பேனா அழுத்தினால் தோல் உடையும். நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறானது: உடையவே கூடாத தோல்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. நுண்ணுறை போடும் வழிகளில் பெரும்பாலானவை தண்ணீருக்குள் நடப்பவை. நம் பொடியைத் தண்ணீரில் போட்டுத்தான் உறை போட வேண்டும் என்றால், உறை வருவதற்கு முன்பே அது கரையத் தொடங்கிவிடும். அதனால் எத்தனால் போன்ற ஆல்கஹாலில், மிகக் குறைந்த தண்ணீரோடு, முதலில் மெல்லிய சிலிக்கா படலம் ஏற்றுகிறார்கள். அதன் மேல் சிலேன் என்ற இணைப்புப் பொருள். ஒரு கையால் சிலிக்காவையும் மறு கையால் பாலிமரையும் பிடித்துக்கொள்வது அது. பிறகுதான் பிஎம்எம்ஏ, அதாவது போர்டு கடைக்காரர்கள் வெட்டும் அக்ரிலிக் ஷீட்டின் அதே பொருள், துகள் மேலேயே வளர்க்கப்படுகிறது. பொடியை ‘சார்ஜ்’ செய்யும் ஊதா ஒளி உள்ளே போகவும் பச்சை ஒளி வெளியே வரவும் வேண்டும் என்பதால், கண்ணாடி போன்ற பாலிமர்தான் இதற்கு ஆகும்.

தடிமனாகப் பூசினால் நல்லது என்று நினைக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. சீரக மிட்டாய் செய்பவரைக் கவனியுங்கள். உருளும் பாத்திரத்தில் பாகை ஒரேயடியாக ஊற்ற மாட்டார். கொஞ்சம் ஊற்றி, உலரவிட்டு, மறுபடி ஊற்றுவார். ஒரேயடியாக ஊற்றினால் சீரகம் தனித்தனியாக நிற்காமல் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். ஒளிர்பொடியும் அப்படித்தான் கட்டி கட்டியாகி மெஷ்ஷை, அதாவது அச்சடிக்கும் ஸ்கிரீனின் வலையை, அடைக்கும். கட்டியை உடைத்தால் உடைந்த இடம் அம்மணமாக நிற்கும். மெல்லியதாக இருந்தாலும் விடுபடாமல் மூடியிருப்பதுதான் நல்ல உறை.

பாலிமருக்கு ஓர் எல்லை உண்டு. முறுக்கை பாலிதீன் கவரில் கட்டி வைத்தால் தண்ணீர் தெறித்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் ஐப்பசி அடைமழையில் மாதக்கணக்கில் கிடந்தால் நமத்துப்போகும். திரவ நீரை நிறுத்தும் பாலிமர்கூட நீராவியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடும். நம் வேலைக்கு இது பெரிய கவலை இல்லை. பேஸ்ட் வாளியில் இருக்கும் நாட்களைத் தாண்டினால் போதும். துணியில் ஏறி உலர்ந்த பிறகு பைண்டர் படலமும் சேர்ந்து காக்கும், துவைக்கும் நேரம்தான் நனையும்.

உங்கள் கேள்விக்குக் கீழே ஒரு மாணவர் டிவி, எல்இடி சமாச்சாரமும் இதேதானா என்று கேட்டிருந்தார். அங்கே நிலைமை கடுமையானது. திரையில் நிறம் தருவதற்கான சீசியம் ஈய புரோமைடு போன்ற பெரோவ்ஸ்கைட் வகை நுண்படிகங்கள் உப்பு மாதிரி. ஈரக்காற்றே அவற்றைக் கெடுக்கும், உடைந்தால் ஈயம் வெளியே வரும். அதில் எனக்குப் பிடித்த ஒரு வழி, பாலிமரைக் கரைப்பானில் ஊதவைத்து, மூலப்பொருளை உள்ளே ஊறவிட்டு, உலரவைப்பது. பாலிமர் சுருங்கும்போது உள்ளேயே பிறந்த படிகத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் எரிய வேண்டிய திரைக்கு அதுவும் போதாமல், மேலும் கீழும் ஈரத்தடைப் படலம் வைத்து அடைப்பதும் உண்டு.

சரி, சோதனை. கடைக்காரரிடம் சாம்பிள் கேளுங்கள். 100 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் 5 கிராம் பொடி போட்டு, பாட்டிலை மூடி, குலுக்குங்கள். ஒரு மணி நேரம், ஒரு நாள், மூன்று நாள், ஏழு நாள் கழித்து பிஎச் தாளை நனைத்துப் பாருங்கள். எனக்கு வந்த மூன்று சாம்பிளில், மூன்றின் மேலும் ‘வாட்டர் ப்ரூஃப்’ என்று எழுதியிருந்தது. ஒன்று மறுநாளே 11 காட்டியது. இன்னொன்று மூன்று நாள் தாங்கியது. மூன்றாவது ஏழு நாளும் 8ஐத் தாண்டவில்லை. நான் இன்று வாங்குவது அந்த மூன்றாவதைத்தான். ஏழாம் நாள் அதை வடிகட்டி உலர்த்தி, ஊறாத பொடிக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் ஒரே டியூப்லைட்டில் பத்து நிமிடம் ஒளி காட்டி, இருட்டறையில் பாருங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் நல்ல பொடி.

வாங்கிய பிறகு கெடுப்பது நாமாகவும் இருக்கலாம். மிக்ஸியிலோ வேகமாகச் சுற்றும் ஸ்டிரரிலோ போட்டால் உறை கிழிந்துவிடும். பொடி கடினமானது, இரும்பு பிளேடைத் தேய்த்துச் சாம்பல் நிறமும் ஏறும். பைண்டரை முதலில் நன்றாகக் கலக்கிவிட்டு, பொடியைக் கடைசியில் மரத்துடுப்பால் மெல்லச் சேருங்கள். துகள் பெரிதாக இருந்தால்தான் ஒளி நன்றாக இருக்கும், அதனால் மெஷ்ஷும் பெரிய கண்ணாக இருக்கட்டும். அப்புறம், கியூரிங், அதாவது அச்சடித்ததைச் சூடாக்கி நிலைப்படுத்துவது. சாதாரண பிஎம்எம்ஏ 105 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும், நாமோ 150 டிகிரியில் கியூரிங் செய்கிறோம். குறுக்குப் பிணைப்பு உள்ள (பாலிமர் சங்கிலிகள் ஒன்றோடொன்று கட்டப்பட்டு, சூட்டில் உருகி ஓடாத) உறைதானா என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் ஒரு துண்டில் அச்சடித்து, கியூரிங் செய்து, பத்துத் தடவை துவைத்துப் பாருங்கள்.

இப்போது உங்களிடம் இறுகத் தொடங்கிய வாளி ஒன்று இருக்கும் என்று நினைக்கிறேன். தண்ணீர் ஊற்றி இளக்கி அச்சடிக்கலாமா என்று கை பரபரக்கும். பிஎச் பாருங்கள். 10க்கு மேல் இருந்தால் அந்தப் பேஸ்ட்டைச் சட்டையில் ஏற்றாதீர்கள். வேர்வையோடு சேர்ந்தால் தோல் எரியும். நானும் அந்த வாளியை அப்படியே கொட்டினேன். குழுவிடம் போய் நான்கு நாள் அவகாசம் கேட்டேன், கொடுத்தார்கள்.