பிரான்சின் பெருங்கற்காலக் கல்லறைகளில் எதை முதலில் பார்க்கலாம்?

ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறதென்றால், புகழ்பெற்ற கார்னாக் கல்வரிசைகளைவிட கவ்ரினிஸ் தீவைத்தான் சொல்வேன். பிரான்சின் வடமேற்கிலுள்ள பிரிட்டனி பகுதியின் மோர்பிஹான் வளைகுடாவில் இருக்கிறது. கரையிலுள்ள லார்மோர்-பாடன் ஊரிலிருந்து படகில் போகவேண்டும். வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே விடுவார்கள், முன்பதிவு செய்துவிடுங்கள்.

தீவில் இருப்பது சுமார் 6000 ஆண்டுப் பழமையான கற்குவியல் கல்லறை. அதற்குள் 14 மீட்டர் நீளமுள்ள குறுகலான நடைவழி. இருபுறமும் நிற்கும் 29 பலகைக் கற்களில் 23-இல் செதுக்கல்கள்: கைரேகைபோல் அடுக்கடுக்கான வளைகோடுகள், இடையிடையே கோடரிகள். பக்கவாட்டில் வெளிச்சம் படும்போது அவை எழுந்து நிற்கும்!

நடைவழியின் முடிவிலுள்ள அறையின் மூடுகல்லில், மேற்புறம், உள்ளே நிற்பவர் பார்க்கமுடியாத பக்கத்தில், கொம்புள்ள மாட்டின் உருவம் உண்டு. அந்தக் கல்லின் உடைந்த மறுபகுதி சில கிலோமீட்டர் தள்ளி, லோக்மரியாக்கேரில் இன்னொரு கல்லறைக்குக் கூரையாக இருக்கிறது. நட்டு நிறுத்தியிருந்த பழைய நெடுங்கல் ஒன்றை உடைத்துப் பங்கிட்டிருக்கிறார்கள். அதனால் இரண்டையும் சேர்த்தே பாருங்கள். லோக்மரியாக்கேரில் நான்கு துண்டாகக் கிடக்கும் 20 மீட்டர் நெடுங்கல்லையும் விட்டுவிடாதீர்கள்.