கேள்வி பதில்: ஓசிஎல் நிபந்தனைகள், ஒரு வள்ளம், ஓர் அடையாள அட்டைச் சண்டை

சொன்னபடி வந்துவிட்டேன். இரவு பத்து மணி வரை இருப்பேன். மென்பொருள் மொடலில் எழுதும் நிபந்தனைகளை ஓசிஎல்லில் (ஒப்ஜெக்ட் கொன்ஸ்ட்ரெயின்ட் லாங்குவேஜ், அப்படி நிபந்தனை எழுதும் மொழி) சோதிப்பது பற்றி மட்டும் கேளுங்கள். கேட்கும்போது நிபந்தனை, கிளாஸ் படம், எந்த ஒப்ஜெக்டில் (கிளாஸ் என்ற வகையைச் சேர்ந்த ஒரு தனிப் பொருளில்) பிழை வருகிறது என்ற விவரம், மூன்றையும் அனுப்புங்கள். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் நான் சாத்திரம்தான் பார்க்க வேண்டும்.

எல்லாருக்கும் பொதுவாக ஒரே மொடலை வைத்துக்கொள்வோம்: குறிகட்டுவானில் இருந்து நயினாதீவுக்குப் போகும் வள்ளம். கிளாஸ்கள் வள்ளம், பயணம், பயணி, ரிக்கற். கட்டளைச் சொற்களை இங்கே தமிழெழுத்தில் தட்டுகிறேன். நீங்கள் கருவியில் ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

திருநெல்வேலி, இரண்டாம் வருட மாணவி: அக்கா, விரிவுரையில் ஓசிஎல் ஒரு வினவல் மொழி என்றார்கள். பெயரைப் பார்த்தால் கட்டுப்பாட்டு மொழி. எது சரி?

இரண்டும் சரி தங்கச்சி. 1995இல் ஐபிஎம்மில் யோஸ் வார்மர் உருவாக்கியது, 1997இல் மென்பொருள் மொடல் வரையும் மொழியான யூஎம்எல் 1.1 உடன் சேர்ந்தது. அது மொடலில் ஒன்றையும் மாற்றாது, பார்த்துச் சொல்லும், அவ்வளவுதான். அதனால் ஒரே வரியை வினவலாகவும் வைக்கலாம், நிபந்தனையாகவும் வைக்கலாம்.

நான் நிபந்தனையை நேரே எழுதுவதில்லை. முதலில் குற்றவாளியைத் தேடும் வினவலாகக் கொன்சோலில் எழுதுவேன்:

பயணம்.ஓல்இன்ஸ்டன்சஸ்()->செலெக்ட்(ப | ப.பயணிகள்->சைஸ்() > ப.வள்ளம்.இருக்கை)

ஓல்இன்ஸ்டன்சஸ் எல்லாப் பயணத்தையும் எடுக்கும், செலெக்ட் பொருந்துவதைப் பொறுக்கும், சைஸ் எண்ணிக்கை. எந்தெந்தப் பயணத்தில் ஆள் கூட என்று பட்டியல் வரும். வந்தவை பிடிபட வேண்டியவைதானா என்று கண்ணால் பார்த்த பிறகு, அதையே திருப்பிப் போட்டு, பயணம் கிளாஸில் "பயணிகள்->சைஸ்() <= வள்ளம்.இருக்கை" என்று இன்வேரியன்ட் (எப்போதும் உண்மையாக இருக்க வேண்டிய நிபந்தனை) ஆக்குவேன்.

கோண்டாவில்: பன்னிரண்டு நிபந்தனை எழுதினேன். பன்னிரண்டும் உண்மை என்று வருகிறது. அறிக்கையில் "சோதித்தாயிற்று" என்று எழுதலாமா?

எழுதாதீர்கள் தம்பி. நீங்கள் இன்னும் ஒன்றையும் சோதிக்கவில்லை.

என் கதையைச் சொல்கிறேன். பழைய வேலையிடம் ஒன்றில் "பயணத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும்" என்ற மாதிரி ஒரு நிபந்தனை. மூன்று வாரம் பச்சை காட்டியது. எல்லாருக்கும் சந்தோசம். பிறகு பார்த்தால், மாதிரித் தரவில் பயணிகளை வள்ளத்தோடு இணைத்திருந்தோம், பயணத்தோடு இணைக்கவில்லை. பயணத்தின் பயணிகள் பட்டியல் வெறுமை. ஃபோர்ஓல் (ஒவ்வொன்றுக்கும் உண்மையா என்று பார்க்கும் கட்டளை) வெறும் தொகுப்பில் எப்போதும் உண்மை என்றுதான் சொல்லும். அது பிழையான விடையும் இல்லை. ஆளே இல்லாத வள்ளத்தில் அங்கி இல்லாத ஆள் எப்படி இருப்பார்?

அதனால் ஒவ்வொரு நிபந்தனைக்கும் குறைந்தது இரண்டு மாதிரித் தரவு வேண்டும். ஒன்று தேற வேண்டும். மற்றது தோற்க வேண்டும், அதுவும் அந்த ஒரு நிபந்தனையில் மட்டும். நான்கு நிபந்தனை சேர்ந்து தோற்கும் தரவை வைத்தால், எது எதைப் பிடித்தது என்று உங்களுக்கே விளங்காது.

எண் வந்தால் விளிம்பில் போய் நில்லுங்கள். இருக்கை 60 என்று வைப்போம். "<=" போட வேண்டிய இடத்தில் "<" போட்டுவிட்டீர்கள். 10 பேரை ஏற்றுங்கள், உண்மை. 75 பேரை ஏற்றுங்கள், பொய். இரண்டு விடையும் சரி, நிபந்தனை மட்டும் பிழை. 60 பேரை ஏற்றினால்தான் அது அகப்படும். 60, 61 இரண்டும் கட்டாயம்.

கடைசியாக, நிபந்தனையையே வேண்டுமென்று கெடுத்துப் பாருங்கள். "<=" ஐ ">=" ஆக்குங்கள், "அன்ட்" ஐ "ஓர்" ஆக்குங்கள். கெடுத்த பிறகும் சோதனை எல்லாம் பச்சையாகவே இருந்தால் உங்கள் தரவு போதாது.

மானிப்பாய்: ஒரு பயணத்தின் ரிக்கற் வசூல் குறைவாக வருகிறது. கணக்குக்காக 100, 100, 100, 50 என்று நான்கு ரிக்கற் போட்டேன். ரிக்கற்கள்.விலை->அஸ்செட்()->சம்() 150 என்கிறது.

அஸ்செட்டைத் தூக்குங்கள், 350 வரும். அஸ்செட் தொகுப்பைச் செட்டாக மாற்றும், செட்டில் ஒரே மதிப்பு ஒருமுறைதான் நிற்கும். மூன்று நூறும் ஒரு நூறாகிவிட்டது. ரிக்கற்கள் செட்டாக இருந்தாலும், புள்ளி வைத்து விலையை எடுத்தால் வருவது பேக், அதில் இரட்டிப்பு பத்திரமாக இருக்கும். இந்தப் பிழை வெவ்வேறு விலை போட்டுச் சோதித்தால் தெரியவே தெரியாது. ஒரே விலையில் இரண்டு ரிக்கற் போட்டதற்கு உங்களுக்கு ஒரு பிளேன்ரீ.

பருத்தித்துறை: ஓட்டி இல்லாத வள்ளத்தில் "ஓட்டி.வயது >= 18" பொய் என்று வர வேண்டும் தானே? இன்வலிட் என்று வருகிறது.

ஓசிஎல்லில் விடை நான்கு விதம்: உண்மை, பொய், நல் (மதிப்பே இல்லை), இன்வலிட் (கணக்கிடவே முடியாது). (இந்த "நல்" நல்லது இல்லை.) ஓட்டி நல் என்றால் அதன் வயதைக் கேட்பதே இன்வலிட். "ஓட்டி <> நல் இம்ப்ளைஸ் ஓட்டி.வயது >= 18" என்று எழுதுங்கள். இம்ப்ளைஸ் என்றால், முன்னது உண்மையானால் பின்னதும் உண்மையாக வேண்டும். ஓட்டி கட்டாயம் வேண்டுமென்றால் அதைத் தனி நிபந்தனையாக எழுதுங்கள், இரண்டையும் ஒரு வரியில் குழைக்க வேண்டாம். அப்புறம் ஒன்று: ஓட்டி நல்லாக இருக்கும்போது ஓட்டி->இஸ்எம்ப்டி() உண்மை என்று வரும், ஏனென்றால் அம்புக்குறி நல்லை வெறும் செட்டாக மாற்றிவிடும். புள்ளியும் அம்பும் ஒன்று இல்லை.

உரும்பிராய்: எல்லா நிபந்தனையும் ட்ரூ வருகிறது மிஸ், அப்போ முடிந்துதா?

கோண்டாவில் தம்பிக்குச் சொன்னதை வாசியுங்கள்.

வவுனியா: படிக்க எந்தக் கருவி?

படிக்க என்றால் ப்ரேமன் பல்கலைக்கழகத்தின் யூஸ். ஒப்ஜெக்டுகளைக் கையால் உண்டாக்கலாம். நிபந்தனை தோற்றால் உள்ளே எந்தத் துண்டு பொய்யானது என்று மரம் மாதிரி விரித்துக் காட்டும். ஈஎம்எஃப்பில் (எக்லிப்ஸின் மொடலிங் சட்டகம்) வேலை என்றால் எக்லிப்ஸ் ஓசிஎல்.

சாவகச்சேரி: பயணியின் இலங்கை அடையாள அட்டை எண்ணைச் சரிபார்க்கிறேன். புதிய 12 இலக்க எண்ணில் நாள் பகுதி (பிறந்தது வருடத்தின் எத்தனையாவது நாள்) 1 முதல் 366 வரை என்று போட்டேன். எங்கள் பட்ச் பெடியள் எட்டுப் பேரின் எண்ணும் சரி. அம்மாவின் எண்ணைப் போட்டால் பிழை என்கிறது.

அம்மாவில் பிழை இல்லை தம்பி. பெண்களுக்கு நாளோடு 500 கூட்டுவார்கள். ஜனவரி 10 பிறந்த ஆணுக்கு 010, பெண்ணுக்கு 510. ஆகவே 1 முதல் 366, அல்லது 501 முதல் 866. எட்டுப் பெடியளை வைத்துச் சோதித்தால் இதுதான் நடக்கும். எண்ணிக்கை எட்டு, வகை ஒன்று.

நாளை வெட்டி எடுக்கும் இடத்தையும் பாருங்கள். ஓசிஎல்லில் சப்ஸ்ட்ரிங் 1இல் இருந்து எண்ணும், இரண்டு முனையும் சேரும். 198651004567 என்ற எண்ணுக்குச் சப்ஸ்ட்ரிங்(5, 7) போட்டால் 510. ஜாவாப் பழக்கத்தில் (4, 7) என்று போட்டால் 6510 வரும். பழைய 9 இலக்க எண்ணில் நாள் இருப்பது 3 முதல் 5 வரை.

சுன்னாகம்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இது ஏன் மொடலில்? படிவத்தில் ஒரு ரெஜெக்ஸ் (எழுத்தின் வடிவத்தைச் சரிபார்க்கும் கோவை) போட்டால் முடிந்தது.

படிவம் ஒரு வாசல்தான் அண்ணா. நாளைக்கு ஒருவர் எக்செல் கோப்பு ஒன்றை அப்படியே உள்ளே ஏற்றுவார், அவர் உங்கள் படிவத்தைக் காணவே மாட்டார். ரெஜெக்ஸ் என்றால், ஓசிஎல் தரநிலையில் அது இல்லை. எக்லிப்ஸ் தன் பங்குக்கு மட்சஸ் என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறது. அதை நம்பி எழுதினால் வேறு கருவியில் ஓடாது.

ரொறன்ரோ: தங்கச்சி, பெப்ரவரி 29 என்ன ஆனது? 1987இல் பிறந்தவருக்கு நாள் 060 என்று வந்தால்?

இது கேள்வி! அடையாள அட்டையில் எல்லா வருடத்திலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே எண்ணுகிறார்கள். மார்ச் 1 எப்போதும் 061. ஆகவே 060உம் 560உம் லீப் வருடத்தில் மட்டும் வரலாம். "(நாள் = 60 ஓர் நாள் = 560) இம்ப்ளைஸ் ஆண்டு.மொட்(4) = 0" என்று ஒரு வரி சேருங்கள். சோதனைத் தரவு: 1988உம் 060உம் தேற வேண்டும், 1987உம் 060உம் தோற்க வேண்டும்.

வவுனியா: 1900 நாலால் பிரிபடும், ஆனால் லீப் வருடம் இல்லை.

1900இல் பிறந்தவர் வள்ளம் ஏற வந்தால் நிபந்தனை பார்க்காமல் கதிரை கொடுங்கள்.

சுன்னாகம்: இதைத்தான் சொன்னேன். அடையாள அட்டைக்கான விதியை வள்ள மொடலுக்குள் திரும்ப எழுதிக்கொண்டு இருக்கிறீர்கள். அவர்கள் நாளைக்கு மாற்றினால்?

பாதி சரி. 2016இல் எண்ணின் வடிவம் மாறியபோது கனக்கப் பேர் அவதிப்பட்டதுதான். அதனால் நான் முழு எண்ணையும் மொடலில் ஆராயமாட்டேன். நீளம், நாள் பகுதி, பிறந்த திகதியோடு பொருந்துகிறதா என்ற மூன்றோடு நிற்பேன். மற்றப் பாதியை விடமாட்டேன். பிறந்த திகதியும் அடையாள எண்ணும் முரண்படக்கூடாது என்பது படிவத்தின் விதி இல்லை, தரவின் விதி. அது மொடலில்தான் இருக்க வேண்டும்.

இதற்குப் பிறகு இது பற்றி வந்த முப்பத்துச் சொச்சம் செய்திகளையும் பார்த்தேன். யாருடைய மாமாவுக்கு எந்த எண் என்றெல்லாம் இங்கே போடாதீர்கள். அடையாள அட்டை இத்தோடு போதும்.

நல்லூர்: ஒரே எண்ணில் இரண்டு பயணி இருக்கக்கூடாது. 5000 பயணி போட்டால் கருவி உறைந்துபோகிறது.

ஃபோர்ஓலில் இரண்டு மாறி வைத்து ஒவ்வொருவரையும் ஒவ்வொருவரோடும் ஒப்பிடுகிறீர்கள். அது இரண்டரைக் கோடி சோடி. ஒரே மதிப்பு இருமுறை வருகிறதா என்று பார்க்க இஸ்யுனிக் இருக்கிறது. பயணி.ஓல்இன்ஸ்டன்சஸ்()->இஸ்யுனிக்(எண்) போதும்.

கோப்பாய்: மேலதிகாரிச் சங்கிலி வட்டமாகக் கூடாது. செல்ஃப்->குளோஷர்(மேலதிகாரி)->எக்ஸ்குளூட்ஸ்(செல்ஃப்) எல்லாருக்கும் பொய் வருகிறது.

குளோஷர் சங்கிலியில் மேலே மேலே போய் எல்லாரையும் சேர்க்கும், எக்ஸ்குளூட்ஸ் அதில் ஒருவர் இல்லையா என்று பார்க்கும். குளோஷரின் விடையில் தொடங்கிய ஆளும் சேர்ந்திருப்பார், அதனால் எப்போதும் பொய்தான். ஒரு படி மேலே இருந்து தொடங்குங்கள்: செல்ஃப்.மேலதிகாரி->குளோஷர்(மேலதிகாரி)->எக்ஸ்குளூட்ஸ்(செல்ஃப்). மேலதிகாரி இல்லாதவர், சாதாரண சங்கிலி, இருவர் வட்டம், தனக்குத் தானே மேலதிகாரி, நான்கையும் போட்டுப் பாருங்கள்.

பெயர் போடாதவர்: நாளைக்கு அசைன்மென்ட், எட்டு நிபந்தனை எழுதித் தர முடியுமா?

ஏலாது.

அச்சுவேலி: ஊர்ப் பெயர் பத்து எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்று போட்டேன். யாழ்ப்பாணம் ஆறு எழுத்து. தோற்கிறது.

எக்லிப்ஸில் சைஸ்() யூனிகோட் குறிகளைத்தான் எண்ணும். காலும் புள்ளியும் தனித்தனிக் குறி. ய, கால், ழ, புள்ளி, ப, புள்ளி, ப, கால், ண, ம, புள்ளி: பதினொன்று. எல்லையைக் கூட்டிவிடுங்கள், சோதனையில் தமிழ்ப் பெயரையும் போடுங்கள்.

மல்லாகம்: அக்கா என்னுடையதும் எல்லாம் உண்மை என்றே

கோண்டாவில்.

கைதடி: இருக்கை 60. மடியில் வைத்திருக்கும் குழந்தையும் பயணியா?

இதை மூன்று மணி நேரமாக ஒருவரும் கேட்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பயணியில் மடிக்குழந்தை என்று ஓர் உண்மை/பொய்ப் புலம் வையுங்கள். இருக்கைக்கு பயணிகள்->ரிஜெக்ட்(ப | ப.மடிக்குழந்தை)->சைஸ்() <= வள்ளம்.இருக்கை. அங்கிக்கு இந்தச் சலுகை இல்லை, குழந்தையையும் எண்ண வேண்டும். 60 பெரியவர், ஒரு குழந்தை, 60 அங்கி என்று தரவு போடுங்கள். இருக்கை நிபந்தனை தேறி அங்கி நிபந்தனை மட்டும் தோற்க வேண்டும். தோற்றதா என்று நாளைக்கு எழுதுங்கள். எனக்கு மணி பத்தாகிவிட்டது.