சிறார் நீதி: முதல் 24 மணி நேரம்

18 வயதுக்குட்பட்டவர்கள் மீதான வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் சிறுவர்களுக்காக வாதாடும் வழக்கறிஞர் ஒருவர் பதிலளிக்கிறார்.

என் மகனுக்கு 17 வயது. திருட்டு வழக்கில் பிடித்துக் காவல் நிலையத்தில் 19 என்று எழுதிவிட்டார்கள். என்ன செய்வது?

அம்மா, இன்றைக்கே அவன் படித்த பள்ளிக்குப் போய்ப் பிறந்த தேதிச் சான்று வாங்குங்கள். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆவது பிரிவு பள்ளிச் சான்றுக்குத்தான் முதலிடம் தருகிறது. அது இல்லையென்றால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. சம்பவம் நடந்த நாளில் என்ன வயது என்பதே கணக்கு. தீர்ப்புக்குப் பிறகும்கூட இதை எழுப்பலாம், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். மகனின் மாற்றுச் சான்றிதழைப் பாலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் நீதிமன்ற வாசலில் மாலைவரை உட்கார்ந்திருந்த ஒரு தாயைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காகிதம் உரிய கைக்குப் போகாததால் பையன் பெரியவர்களோடு சிறையில் கிடந்தான். சிறுவனை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கவே கூடாது, 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும் என்கிறது 10ஆவது பிரிவு. வயதைக் கூட்டி எழுதினால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் பறிபோகிறது. எனக்கு இதைவிடப் பெரிய ஆத்திரம் வேறில்லை.

ஜாமீன் கிடைக்குமா?

கிடைக்க வேண்டும். அதுதான் விதி, மறுப்பது விலக்கு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

கொடுங்குற்றம் செய்த 16 வயதுக்காரனைப் பெரியவனாக விசாரிப்பதில் என்ன தவறு?

பாதிக்கப்பட்டவர்களின் வேதனையை மதித்தே சொல்கிறேன். குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டுகளோ அதற்கு மேலோ உள்ள குற்றங்களில், 16 முதல் 18 வயதுக்குட்பட்டவர்களின் மன முதிர்ச்சியையும் விளைவை உணரும் திறனையும் குழுமம் மதிப்பிட்ட பிறகே வழக்கை, பெரியவராக விசாரிக்கும் அதிகாரம் உள்ள சிறார் நீதிமன்றத்துக்கு அனுப்ப முடியும். அந்த மதிப்பீட்டில்தான் கோளாறு. பயந்து வாயே திறக்காத பையனை ஒருமுறை பார்த்து எழுதிய அரைப்பக்க அறிக்கை அவன் வாழ்க்கையைத் தீர்மானித்ததைக் கண்டிருக்கிறேன். பயிற்சி பெற்ற உளவியலாளர் பலமுறை பேசாமல் இதைச் செய்யக் கூடாது.

சீர்திருத்தத்தை எங்கே தொடங்கலாம்?

நன்னடத்தை அலுவலர்களில். வீட்டுக்குப் போய், பள்ளியில் விசாரித்து, பையனின் கதையைக் குழுமத்துக்குச் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். கையில் கோப்புகள் குவிந்தால் அறிக்கை வெறும் படிவமாகிவிடும், 4 மாதத்தில் முடிய வேண்டிய விசாரணை இழுக்கும், அதுவரை, விசாரணைக் காலத்தில் சிறுவர்களைத் தங்கவைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் கிடந்து படிப்பு போகும்.

தண்டனைப் பதிவு வேலையைக் கெடுக்குமா?

கெடுக்கக் கூடாது என்கிறது 24ஆவது பிரிவு. பெரியவராக விசாரிக்கப்பட்டுக் குற்றவாளி எனத் தீர்ப்பானவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.