டாட்நெட்டில் எழுதிய வெப் ஏபிஐ-களை நேட்டிவ் ஏஓடி-க்கு மாற்றலாமா?

கோடை பில்டிலேயே மெஷின் கோடாக மாற்றிவிடுவதுதான் நேட்டிவ் ஏஓடி. எல்லாவற்றையும் அதற்கு மாற்றாதீர்கள். அடிக்கடி நின்று எழுகிற சர்வீஸ், மெமரி கம்மியான மெஷின், இந்த இரண்டுக்கும் மட்டும் யோசியுங்கள்.

நான் பாண்டிச்சேரியில் வேலை பார்க்கிறேன். கடலூர் சிப்காட் பக்கம் ஓர் எடை மேடைக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த சின்ன ஏபிஐ ஒன்று ஓடுகிறது. லாரி ஏறியதும் எடையை வாங்கி பில் போடும். கேபினில் இருப்பதோ பழைய மினி பிசி. கரண்ட் போய் வந்தால் முதல் பில் வருவதற்குள் வெளியே ஹாரன் காதைப் பிளக்கும். டாட்நெட்டின் இடைநிலைக் கோடான ஐஎல்-ஐ மெஷின் கோடாக மாற்றும் வேலையை, ஓடும்போதே கம்பைல் செய்யும் ஜிட் அப்போதுதான் தொடங்கியிருக்கும். ஏஓடி-யில் அது பில்டிலேயே முடிந்துவிடுகிறது. ரன்டைமைத் தனியாக நிறுவும் தொல்லையும் இல்லை.

மாற்றுவதில் தலைவலி முழுக்க, கோடு ஓடும்போதே டைப்களைத் துருவிப் பார்க்கும் ரிஃப்ளெக்‌ஷன்தான். ஏஓடி-க்கோ எல்லாம் பில்டிலேயே தெரிந்தாக வேண்டும். டாட்நெட் 8-இல், கன்ட்ரோலர் இல்லாமல் எழுதும் மினிமல் ஏபிஐ-க்கு ஏஓடி ஆதரவு வந்தது. எம்விசி கன்ட்ரோலர்களுக்கு இல்லை. அதனால் கன்ட்ரோலர்களைப் பிரித்து எழுத வேண்டியிருந்தது. ஜேசனுக்கு, பில்டிலேயே கோடு எழுதித் தரும் சோர்ஸ் ஜெனரேட்டர் வைத்து, போய்வரும் ஒவ்வொரு டைப்பையும் கான்டெக்ஸ்ட் கிளாஸில் பதிய வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் மெட்டாடேட்டா இல்லை என்று எரர் வரும். ப்ராஜெக்ட் ஃபைலில் பப்ளிஷ் ஏஓடி போட்டிருந்தால், நல்லவேளை, டெவலப்மென்ட்டிலேயே இது மாட்டிக்கொள்ளும். வெளி லைப்ரரிகள் அப்படியில்லை, பப்ளிஷ் ஆன பிறகுதான் காலை வாரும். ஏஓடி-க்கு ஒத்துவராத கோடைக் காட்டும் ஐஎல்2026, ஐஎல்3050 வார்னிங் வந்தால் அமுக்கி வைக்காதீர்கள். டேட்டாபேஸ் லைப்ரரியான டேப்பரை விட்டு, அதன் ஏஓடி வடிவமான டேப்பர் ஏஓடி-க்குப் போனோம். இன்னொரு டேட்டாபேஸ் லைப்ரரியான இஎஃப் கோர் உள்ள ப்ராஜெக்ட் என்றால் நான் தொடவே மாட்டேன். டாட்நெட் 9-இல்கூட அதன் ஏஓடி ஆதரவு பரிசோதனை நிலைதான்.

இன்னொன்று, விண்டோஸில் உட்கார்ந்து லினக்ஸ் பைனரி எடுக்க முடியாது. டாக்கரிலோ, விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல்-லிலோ பில்டு செய்யுங்கள். அதுவும் கஸ்டமர் மெஷினில் உள்ள லினக்ஸைவிடப் புதிய வெர்ஷனில் செய்தால் லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி-யில் தகராறு வரும்.

நாள் முழுக்க நிற்காமல் ஓடும் பெரிய சர்வீஸை ஜிட்டிலேயே விடுங்கள். ஓட ஓட, எந்தக் கோடு அதிகம் ஓடுகிறது என்று பார்த்து அது மெருகேற்றிக்கொண்டே போகும். இதைச் செய்யும் டைனமிக் பிஜிஓ டாட்நெட் 8 முதல் தானாகவே ஆனில் இருக்கிறது. ஸ்டார்ட்அப் மட்டும்தான் உறுத்துகிறது என்றால் முதலில், ஜிட்டை வைத்துக்கொண்டே ஓரளவு மெஷின் கோடை முன்கூட்டித் தயாரித்து வைக்கும் ரெடிடுரன் போட்டுப் பாருங்கள். பைனரி பெருக்கும், ஆனால் கோடில் ஒரு வரி மாற்ற வேண்டாம்.